புயலில் தப்பிய பூட்டியும் பள்ளிக்கூடம் போகாத பையனும்

போன இதழில், சின்னப் பிள்ளைகளுக்கும் மனச்சோர்வு வரும் என்று எழுதும்போது, போகிற போக்கில் ‘எபிஜெனிடிக்ஸ்’ என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு விளக்காமல் நகர்ந்துவிட்டேன். தப்பு என்னுடையது. கீழக்கரை, மண்டபம், பாம்பன் என்று கரையோரம் முழுக்க இருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன, எழுதியவர்களில் பாதிப் பேர் பயந்துபோய் எழுதியிருக்கிறார்கள். அதனால் இந்த முறை முழுக்க அதுதான். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: டாக்டரம்மா, என் மகனுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு. நாலு மாதமாகக் காலையில் எழுந்ததும் வயிறு வலிக்கிறது என்கிறான், பள்ளிக்கூட நேரம் தாண்டினால் வலி போய்விடுகிறது. சாயங்காலம் கடற்கரையில் பந்து விளையாடுவான், இப்போது போவதில்லை. தங்கச்சியை எடுத்ததற்கெல்லாம் அடிக்கிறான். நண்டுக் குழம்பு வைத்தால் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவன் தட்டை அப்படியே தள்ளி வைக்கிறான். போன வருடம் அவன் அப்பா கடலுக்குப் போய் இலங்கைப் பக்கம் பிடிபட்டு, ஐந்து மாதம் கழித்துத்தான் வந்தார், போட்டு வரவில்லை. கடன் இருக்கிறது. இப்போது வேறு ஆள் போட்டில் கூலிக்குப் போகிறார். மாமியார் கண் பட்டது என்கிறார். நர்சிங் படிக்கும் நாத்தனார் மகள் வேறு சொல்கிறாள். என் அம்மாச்சி 64 புயலில் தனுஷ்கோடியில் இருந்து தப்பி வந்தவர், அப்போது என் அம்மா அவர் வயிற்றில் ஐந்து மாதம். அந்தப் பயம் ஜீனில் ஏறி அம்மாவுக்கு, எனக்கு, இப்போது இவனுக்கு என்று இறங்கி வந்திருக்கிறதாம், அதற்குப் பெயர்தான் எபிஜெனிடிக்ஸாம். இவன் வயிற்றில் இருந்தபோது நானும் அழாத நாள் கிடையாது. என் வழியாகத்தான் வந்ததா? வந்தது இனிமேல் போகுமா?
— பெயர் வேண்டாம், தங்கச்சிமடம்

பதில்: முதலில் பையனைப் பார்ப்போம். ஜீன் எங்கேயும் ஓடிவிடாது.

மனச்சோர்வு என்றால் மூலையில் உட்கார்ந்து அழுவது என்று நம் மனதில் ஒரு படம் இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பையன் அப்படி இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவனுக்கு அது சிடுசிடுப்பாக வரும், கைநீட்டுவதாக வரும், காலை வயிற்று வலியாக வரும். மனநல மருத்துவர்கள் நோயைத் தீர்மானிக்க வைத்திருக்கும் அளவுகோலிலேயே, பிள்ளைகள் என்றால் சோகத்துக்குப் பதிலாக எரிச்சல் இருந்தாலும் கணக்கில் சேர்க்கலாம் என்று இருக்கிறது. பிடித்த விளையாட்டில் ஆசை விட்டுப்போவது, பிடித்த சாப்பாடு இறங்காதது, இதெல்லாம் இரண்டு வாரம் தொடர்ந்தாலே கவனிக்க வேண்டும், உங்கள் வீட்டில் நாலு மாதம் ஆகிவிட்டது. ஒன்பதரை மணிக்கு வலி போய்விடுகிறதே, நடிப்புதானே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வலி நிஜம். பரீட்சை அன்றைக்கு நமக்கு வயிற்றைக் கலக்கவில்லையா, அதுவும் நிஜம்தானே.

சரி, இப்போது நாத்தனார் மகள். அந்தப் பெண் சொன்னதில் பாதி சரி, மீதிப் பாதி இணையத்தில் காது மூக்கு வைத்து வந்தது.

தனுஷ்கோடிக் கரையில் பங்குனி ஆமை முட்டையிட்டுப் போனதும், வனத்துறை ஆட்கள் விடியற்காலையில் தேடி எடுத்துக் குஞ்சு பொரிப்பகத்து மணலில் புதைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த முட்டைக்குள் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் குரோமோசோம் கிடையாது. மணல் 29 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் பெரும்பாலும் பெண், அதற்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் ஆண். ஒரே தாய், ஒரே குழி, ஜீனில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, ஆனால் எந்த ஜீனை வாசிப்பது எதை மூடி வைப்பது என்பதில் மணலின் சூடு புகுந்துவிடுகிறது. எபிஜெனிடிக்ஸ் என்பது இந்த வாசிப்பையும் மூடலையும் பற்றிய படிப்பு. 1942-ல் வாடிங்டன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி வைத்த பெயர், அப்போது டி.என்.ஏ.வின் வடிவம்கூட யாருக்கும் தெரியாது.

நம் உடம்பில் மூடி வைக்கும் வேலையைச் செய்பவற்றில் ஒன்று மெத்தில் என்ற துணுக்கு. ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். ஒரு ஜீனின் தொடக்கத்தில் இது நிறைய ஒட்டிக்கொண்டால் அந்த ஜீன் பொதுவாக அடங்கிப்போகும். இதை மனதோடு சேர்த்துக் காட்டியது மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி, மோஷே ஸிஃப் ஆகியோரின் குழு, 2004-ல். எலித் தாய்களில் சில, குட்டி பிறந்த முதல் வாரம் முழுக்க அதை நக்கி நக்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கும், சில அவ்வளவாகச் செய்யாது. அதிகம் நக்கப்பட்ட குட்டி வளர்ந்த பிறகும் பயந்தால் சீக்கிரம் அடங்கிவிடுகிறது, மற்றது நெடுநேரம் நடுங்குகிறது.

ஏன் என்பதற்குப் பாம்பனில் ஏற்றும் புயல் கூண்டை நினைத்துக்கொள்ளுங்கள். கூண்டு ஏறினால் போட்டு எதுவும் போகாது, புயல் கடந்ததும் இறக்கிவிடுவார்கள், மறுபடி தொழில் நடக்கும். உடம்பில் பயம் வந்தால் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறும், அது கூண்டு. ஆபத்து போனதும் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி அதை இறக்க உதவ வேண்டும், இறக்குவதற்கு அங்கே கார்டிசாலை உணரும் ஏற்பிகள் போதுமான அளவு இருக்க வேண்டும். அதிகம் நக்கப்படாத குட்டிகளுக்கு அந்த ஏற்பியைச் செய்யும் ஜீனின் தொடக்கத்தில் மெத்தில் கூடுதல், ஏற்பி குறைவு. வெயில் அடித்த பிறகும் கூண்டு தொங்கிக்கொண்டே இருக்கிறது. 2009-ல் அதே குழுவினர், சின்ன வயதில் கொடுமைக்கு ஆளாகிப் பின்னால் தற்கொலை செய்துகொண்டவர்களின் மூளையிலும் இதே ஜீனில் மெத்தில் கூடியிருந்ததைக் காட்டினார்கள். ஒப்பிட்டுப் பார்த்தது மொத்தமே 36 மூளைகள். அதை மறக்கக் கூடாது.

இதைப் படித்த புதிதில் நான் ஒரு தப்பு செய்தேன். என்னிடம் வந்த ஒரு தாயிடம், “கைக்குழந்தையாக இருந்தபோது இன்னும் கொஞ்சம் கொஞ்சியிருக்கலாம்” என்று அறிவாளி மாதிரி சொல்லிவிட்டேன். மரிக்கொழுந்துப் பாசி எடுக்கப் போகிற பெண், விடிவதற்கு முன்னால் இறங்கினால் உப்பில் ஊறிய கையோடு மதியம்தான் கரை ஏறுவார். அவர் பதில் ஒன்றும் சொல்லவில்லை, துணி சுற்றிய விரல்களைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார். அப்புறம்தான் அதே எலி ஆராய்ச்சியில் நான் தாண்டிப் படித்த ஒரு விஷயம் உறைத்தது: கர்ப்பமாக இருக்கும்போது எலியைத் தொந்தரவு செய்தால், நன்றாக நக்கும் தாய்கூடக் குட்டியை நக்குவதைக் குறைத்துவிடுகிறது. தாயைச் சுற்றி என்ன நடக்கிறது என்று கேட்காமல் தாயைக் கேள்வி கேட்டேன். இன்றைக்கும் பல வீடுகளில் எபிஜெனிடிக்ஸ் இப்படித்தான் வந்து சேர்கிறது, மருமகள் தலையில் போட இன்னொரு பழி.

இப்போது அம்மாச்சி. 1964 டிசம்பர் 22 ராத்திரி, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலையே கடல் கொண்டுபோன அந்த ராத்திரியில், உங்கள் அம்மாச்சியின் உடம்பில் மூன்று தலைமுறை இருந்தது. அவர், வயிற்றில் உங்கள் அம்மா, அந்தச் சிசுவின் சினைப்பைக்குள் ஒரு முட்டையாக நீங்கள். இது அலங்காரப் பேச்சு கிடையாது, பெண் சிசுவுக்கு ஐந்தாம் மாதத்தில்தான் சினைமுட்டைகளின் எண்ணிக்கை உச்சத்தில், 60, 70 லட்சம் இருக்கும். ஆகவே புயல் உங்களையும் தொட்டது என்று சொன்னால் நான் சண்டை போட மாட்டேன். ஆனால் உங்கள் மகன் அன்றைக்கு எங்கேயும் இல்லை. அவனுக்கு அந்தக் குறி வந்து சேர வேண்டும் என்றால் அது இரண்டு துடைப்பைத் தாண்ட வேண்டும். சினைமுட்டையும் விந்தும் உருவாகும் வழியில் ஒரு தடவை, கரு தரித்த முதல் நாட்களில் இன்னொரு தடவை, மெத்தில் குறிகளில் பெரும்பாலானவை அழிக்கப்படுகின்றன, அலை ஏறி இறங்கிய மணலில் கால்தடம் மாதிரி. ஒன்றிரண்டு தப்பும். ஆனால் ஒரு பயம் மனிதரில் இப்படி நாலாவது தலைமுறைக்கு ஜீன் வழியாக இறங்கியது என்று இதுவரை யாரும் நிரூபித்துக் காட்டவில்லை.

நாத்தனார் மகள் பார்த்தது அனேகமாக 2016-ல் வந்த ஆய்வாக இருக்கும், யூதப் படுகொலையில் தப்பியவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் ரேச்சல் யெஹூதா என்ற நியூயார்க் ஆராய்ச்சியாளர் பார்த்தது. பெற்றோர் 32 பேர், பிள்ளைகள் 22 பேர். அந்தப் பிள்ளைகள் அந்தப் பெற்றோரிடமேதான் வளர்ந்தார்கள், அதனால் எது ரத்தத்தில் வந்தது, எது ஒரே வீட்டில் இருந்ததால் வந்தது என்று அதில் பிரிக்க முடியாது. உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வாடைக்காற்று பலமாக அடித்தால் உங்கள் அம்மா எழுந்து கதவைத் தாழ் போட்டாரா என்று மூன்று தடவை பார்ப்பாரா இல்லையா? அதைப் பார்த்து ஒரு பிள்ளை பயத்தைக் கற்றுக்கொள்ள மெத்தில் தேவையில்லை.

புயலுக்கு நெருக்கமான ஆய்வு ஒன்று உண்டு. 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக்கில் பனிமழை பெய்து மின்கம்பமெல்லாம் முறிந்து, லட்சக்கணக்கான வீடுகள் கடுங்குளிரில் கரண்டு இல்லாமல் கிடந்தன. அப்போது கர்ப்பமாக இருந்த பெண்களைச் சுசான் கிங் என்பவர் பட்டியல் எடுத்து, அந்தப் பிள்ளைகள் 13 வயதானதும் ரத்தம் பார்த்தார். தாய் எத்தனை நாள் இருட்டில் கிடந்தார் என்பது போன்ற கஷ்டத்தின் அளவோடு பிள்ளையின் மெத்தில் குறிகள் பொருந்தி வந்தன. ஆச்சரியம் என்னவென்றால், தாய் மனதுக்குள் எவ்வளவு கலங்கினார் என்பதோடு அப்படிப் பொருந்தவில்லை. அழுததைக் குற்றமாக நினைக்கும் உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: 2008-ல் கனடாவிலேயே, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதம் மனச்சோர்வில் இருந்த தாய்களின் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில், நான் மேலே சொன்ன அந்தக் கூண்டு ஜீனில் மெத்தில் கூடியிருந்தது, மூன்று மாதத்தில் கார்டிசாலும் கொஞ்சம் வேகமாக ஏறியது. மூன்று மாதக் குழந்தையின் கார்டிசாலுக்கும் பன்னிரண்டு வயதுப் பையனின் பள்ளிக்கூட வயிற்று வலிக்கும் நடுவில் பன்னிரண்டு வருடம் இருக்கிறது தாயி.

அந்தப் பன்னிரண்டில் கடைசி வருடத்தைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடு போட்டது “போட்டு வரவில்லை” என்ற இடத்தில். ஐந்து மாதம் அப்பா இல்லை, வந்தவர் கூலியாக வந்திருக்கிறார், வீட்டுக்குக் கடன்காரர்கள் வருகிறார்கள், பையனுக்கு எல்லாம் புரிகிற வயது, யாரும் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. ஒன்று செய்யுங்கள். வாரத்தில் எல்லா நாளும் அவர் கடலுக்குப் போவதில்லை. ஒரு நோட்டில் அவர் போன நாள், போகாத நாள், பையனுக்கு வலி வந்த நாள் என்று மூன்று வாரம் குறித்துப் பாருங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, சொல்ல மாட்டேன், நோட்டு சொல்லட்டும். மருத்துவரிடம் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள்.

போக வேண்டியது முதலில் குழந்தை மருத்துவரிடம், ரத்தசோகை, தைராய்டு எல்லாம் பார்க்க. அப்புறம் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு. பெரும்பாலும் பேச்சு வழிச் சிகிச்சையில் ஆரம்பிப்பார்கள்: நிறுத்திய வேலைகளைச் சிறிது சிறிதாகத் திரும்பத் தொடங்க வைப்பது, ‘எல்லாம் என்னால்தான்’ மாதிரி நினைப்பைப் பிடித்துக் கேள்வி கேட்பது. மாத்திரை தேவைப்பட்டால், இந்த வயதில் அதிகம் சோதிக்கப்பட்டது ஃபுளுவாக்ஸெடின். எட்டு வயதுக்கு மேல் கொடுக்க அமெரிக்காவில் 2003-லேயே அனுமதி கொடுத்தார்கள், ஆனால் இந்த வகை மாத்திரைகளால் சில பிள்ளைகளுக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அடுத்த வருடமே எச்சரிக்கையும் போட்டார்கள். அதனால் முதல் சில வாரம் அடிக்கடி மருத்துவரிடம் காட்ட வேண்டும், நீங்களாக நிறுத்தவும் கூடாது. பள்ளிக்கூடத்துக்கு முதல் வாரம் அரை நாள் போகட்டும், தலைமையாசிரியரிடம் நேரில் போய்ப் பேசுங்கள், பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

கடைசியாக, நீங்கள். கடிதத்தில் உங்களைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, அதுவும் பழைய அழுகை. இப்போது தூங்குகிறீர்களா? 2006-ல் அமெரிக்காவில், மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்த 151 தாய்களையும் ஆளுக்கு ஒரு பிள்ளையையும் பார்த்தார்கள். பிள்ளைகளுக்கு அந்த ஆய்வில் யாரும் வைத்தியம் செய்யவில்லை. மூன்று மாதத்தில் தாய்க்குக் குணமான வீடுகளில் பிள்ளைகளின் பிரச்சினையும் குறைந்தது, தாய்க்குக் குணமாகாத வீடுகளில் கூடியது. ராமநாதபுரம் பஸ்ஸில் போகும்போது இரண்டு பேருக்குச் சீட்டு எடுங்கள், அங்கே போனதும் உங்கள் பெயரிலும் ஒன்று பதியுங்கள்.

கேள்வி: மகளும் மருமகனும் துபாயில். பேத்தியை ஒன்றரை வயதிலிருந்து நான்தான் வளர்க்கிறேன், இப்போது ஆறு வயது. உம்மா கை படாத பிள்ளைக்குப் பிற்காலத்தில் மனநோய் வரும், அது ஜீனிலேயே பதியும் என்று பக்கத்து வீட்டில் பேசுகிறார்கள். உண்மையா?
— ஒரு பாட்டி, கீழக்கரை

பதில்: பக்கத்து வீட்டுக்காரருக்கு மேலே சொன்ன எலிக் கதையின் இரண்டாம் பாகத்தைச் சொல்லுங்கள். அதிகம் நக்காத தாய் பெற்ற குட்டியை, நன்றாக நக்கும் தாயிடம் மாற்றி வைத்தார்கள். குட்டி வளர்த்தவள் மாதிரி வந்தது, பெற்றவள் மாதிரி இல்லை. மெத்தில் குறியும் அப்படியே.

மனிதரில் இதற்குப் பக்கமாக வருவது ருமேனியா. 2000-ம் ஆண்டுவாக்கில் புக்கரெஸ்ட் நகரில் அநாதை விடுதிகளில் இருந்த 136 சின்னக் குழந்தைகளில் பாதிப் பேரை, சீட்டுக் குலுக்கிய மாதிரித் தேர்ந்தெடுத்து வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். நாலரை வயதில் பார்த்தபோது, விடுதிப் பக்கம் சீட்டு விழுந்தவர்களில் 44 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு, பதற்றம் வகைப் பிரச்சினை இருந்தது, குடும்பப் பக்கம் விழுந்தவர்களில் 22 சதவீதம். அந்த வளர்ப்புத் தாய்கள் யாரும் பெற்றவர்கள் கிடையாது. அழுதால் தூக்க நிரந்தரமாக ஒரே ஆள் இருந்தார், அதுதான் வித்தியாசம். உங்கள் வீட்டில் அந்த ஆள் நீங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் உங்கள் மகளிடம் கண்டிப்பாக இருங்கள். லீவு முடிந்து திரும்பும்போது, பிள்ளை அழும் என்று தூங்கும் நேரம் பார்த்துக் கிளம்பிப் போகும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. விடிந்து எழுந்து உம்மாவைத் தேடும் பிள்ளை அடுத்த தடவை தூங்கவே பயப்படும். சொல்லிவிட்டு, அழவிட்டு, கட்டிப்பிடித்துவிட்டுப் போகட்டும். வீடியோ காலுக்கும் ஒரு நேரம் வையுங்கள், அவளுக்கு எப்போது ஓய்வோ அப்போது என்றில்லாமல்.

கேள்வி: ஏழாவது மாதம். வீட்டில் சண்டை போட்டால் குழந்தையின் ஜீனில் பதியுமா? பதில் போட்டால் மாமியாரிடம் காட்டுவேன்.
— தேவிபட்டினம்

பதில்: சாதாரணச் சண்டைக்கெல்லாம் பதியாது. காட்டுவதற்குத் தோதாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும். ஆனால் சண்டை என்று நீங்கள் எழுதியது அடி, உதை என்றால் 181-க்குக் கூப்பிடுங்கள், பெண்களுக்கான உதவி எண், அதற்கு மாமியார் அனுமதி வேண்டியதில்லை.

கேள்வி: நான் ஆசிரியர். எச்சிலை அனுப்பினால் பிள்ளைக்கு எதிர்காலத்தில் டிப்ரஷன் வருமா என்று எபிஜெனிடிக்ஸ் முறையில் சொல்லிவிடுவோம் என ஆன்லைனில் விளம்பரம் பார்த்தேன். பல ஆயிரம் ரூபாய். வகுப்பில் இரண்டு பெற்றோர் கட்டத் தயாராக இருக்கிறார்கள். செய்யலாமா?
— மண்டபம்

பதில்: வேண்டாம். தடுங்கள்.

விளம்பரக்காரர்கள் எதை வைத்துப் பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். 2014-ல் அமெரிக்காவில், துன்புறுத்தலுக்கு ஆளாகி வீட்டிலிருந்து மீட்கப்பட்ட 94 பிள்ளைகளின் எச்சிலையும் அப்படி எதுவும் நடக்காத 96 பிள்ளைகளின் எச்சிலையும் ஒப்பிட்டார்கள். மூன்று ஜீன்களில் மெத்தில் அளவு மனச்சோர்வு மதிப்பெண்ணோடு ஒத்துப்போனது. நல்ல ஆய்வு, ஜோன் காஃப்மன் போன்றவர்கள் வருடக்கணக்காக அந்தப் பிள்ளைகளோடு வேலை பார்த்தவர்கள். ஆனால் ஒரு கூட்டத்தின் சராசரிக்கும் இன்னொரு கூட்டத்தின் சராசரிக்கும் வித்தியாசம் தெரிந்தால், உங்கள் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் இருக்கும் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று சொல்லிவிட முடியாது. தவிர, எச்சில் மூளை கிடையாது. ஒவ்வொரு உறுப்பிலும் மெத்தில் குறி வேறு வேறு, அதனால்தான் ஒரே டி.என்.ஏ. ஓரிடத்தில் ஈரலாகவும் ஓரிடத்தில் கண்ணாகவும் ஆகிறது. உயிரோடு இருக்கும் பிள்ளையின் மூளையைக் கிள்ளிப் பார்க்க முடியாது என்பதால்தான் ஆராய்ச்சியாளர்கள் எச்சிலையும் ரத்தத்தையும் வைத்துச் சமாளிக்கிறார்கள்.

இந்தத் துறை ஒருமுறை சூடு கண்டதும் உண்டு. 2003-ல் நியூசிலாந்து ஆய்வு ஒன்று, செரடோனின் என்ற மூளை ரசாயனம் சம்பந்தப்பட்ட ஒரே ஜீன் குட்டையாக இருந்தால் கஷ்டம் வரும்போது மனச்சோர்வும் வரும் என்றது, உலகமே கொண்டாடியது, நானும் ஸ்லைடு போட்டுப் பாடம் எடுத்தேன். 2019-ல் லட்சக்கணக்கானவர்களின் தரவை வைத்துப் பார்த்தபோது அந்த ஜீனுக்கும், அதோடு பேசப்பட்ட மற்ற பிரபல ஜீன்களுக்கும் ஆதாரம் நிற்கவில்லை. மனச்சோர்வுக்குப் பின்னால் ஆளுக்குக் கொஞ்சமாகக் கைகொடுக்கும் எத்தனையோ ஜீன்கள் இருக்கின்றன. இன்றைய தேதியில் எந்தக் குழந்தைக்கும் மனச்சோர்வு வருமா வராதா என்று சொல்ல மருத்துவமனையில் பயன்படுத்தும் எபிஜெனிடிக்ஸ் சோதனை கிடையாது. உங்கள் வருகைப் பதிவேடு அதைவிட நல்ல கருவி. திங்கட்கிழமை மட்டும் வராதவள் யார், மதியச் சாப்பாட்டை மூடி வைப்பவன் யார் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: நாங்கள் ஒரே மாதிரி இரட்டையர். அக்காவுக்குப் பத்தாவது படிக்கும்போது டிப்ரஷன் வந்தது, எனக்கு வரவில்லை. ஒரே ஜீன்தானே?
— கல்லூரி மாணவி, ராமநாதபுரம்

பதில்: ஒரே ஜீன்தான். இரட்டையர்களை வைத்துப் போட்ட கணக்கில், மனச்சோர்வில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் 37 சதவீதம்தான் ஜீனால் விளக்க முடிகிறது. உன் அக்காவுக்கு 37 பங்கு ஜீன், 63 பங்கு சூழ்நிலை என்று அர்த்தம் இல்லை, அப்படி ஒரு தனி ஆளைக் கூறு போட முடியாது. 2005-ல் ஸ்பெயினில் மானெல் எஸ்டெல்லர் குழுவினர் பார்த்தபோது, சின்ன வயது இரட்டையருக்கு மெத்தில் குறிகள் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன, வயதாக வயதாக, தனித்தனியாக வாழ வாழ, விலகிப்போயின. பத்தாவதில் அக்கா எந்த டீச்சரிடம் மாட்டினார், யாரோடு பேச்சை நிறுத்தினார் என்பது உனக்குத்தான் தெரியும். உனக்கும் வந்துவிடுமோ என்று தினமும் கண்ணாடியில் தேடாதே, ஆனால் இரண்டு வாரம் தூக்கம், சாப்பாடு, ஆசை மூன்றும் போனால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போ.

கேள்வி: அண்ணன் மகளுக்கு 15 வயது, மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் முன்பும் இருந்தது. ரத்தத்திலேயே இருப்பதற்கு மாத்திரை என்ன செய்யும், தர்காவில் 40 நாள் தங்க வைக்கலாம் என்கிறார்கள்.
— வாலிநோக்கம்

பதில்: சர்க்கரையும்தான் குடும்பத்தில் வருகிறது, மாத்திரை கேட்கிறதே. எங்கிருந்து வந்தது என்பது வேறு, எதற்குக் கட்டுப்படும் என்பது வேறு. எலிகளில்கூட, சரியாக நக்கப்படாமல் வளர்ந்து பெரிதான பிறகு ஒரு மருந்தை மூளைக்குள் செலுத்தி அந்த மெத்தில் குறியை மாற்றிக் காட்டினார்கள், அதே 2004 ஆய்வில். மனிதருக்கு அந்த மருந்து கிடையாது, குறி கல்வெட்டு இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் சொல்கிறேன்.

தொழுகைக்குப் போக வேண்டும் என்றால் கூட்டிப் போங்கள், நான் தடுக்கவில்லை. ஏர்வாடியில் துவாவோடு தவாவும், அதாவது பிரார்த்தனையோடு மருந்தும் என்று அரசே ஏற்பாடு செய்திருக்கிறது. ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டுத் தங்க வைப்பது, கட்டி வைப்பது, இரண்டும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள், சங்கிலியில் இருந்ததால் ஓட முடியவில்லை. அந்தக் கருகிய கொட்டகையை நம் தலைமுறை பார்த்திருக்கிறது. 2017 மனநலச் சட்டம் சங்கிலியை வெளிப்படையாகத் தடை செய்கிறது. 15 வயதுப் பெண்ணை யாராவது கட்டி வைக்கலாம் என்று பேச ஆரம்பித்தால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்கு அடியுங்கள்.

கேள்வி: எனக்கு 14 வயது. எல்லாரும் சோம்பேறி என்கிறார்கள். ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் விடியும் வரைக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். அம்மாவுக்கும் இது இருந்தது என்று சித்தி சொல்கிறாள். எனக்கும் அம்மா மாதிரியே ஆகிவிடுமா?
— பாம்பன்

பதில்: கண்ணு, நீ சோம்பேறி கிடையாது. விடியும் முன்னால் முழிப்பு வந்து திரும்பத் தூக்கம் வராதது மனச்சோர்வின் நன்றாகத் தெரிந்த அடையாளங்களில் ஒன்று, அப்படித் தூங்காதவளுக்குக் காலையில் உடம்பு எழும்பாது. அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு கூடுகிறது, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் அப்படிப்பட்ட வீடுகளில் வராமல் போகிறவர்கள் நிறையப் பேர். வந்தாலும் உன் அம்மாவுக்கு ஆன மாதிரி ஆக வேண்டியதில்லை. அம்மாவுக்கு உன் வயதில் யாராவது வைத்தியம் பார்த்தார்களா என்று சித்தியிடம் கேள், அனேகமாக இல்லை என்பாள். உனக்கு இப்போதே பார்க்கலாம்.

உன்னைத் திட்டாத ஒரு டீச்சரிடமோ சித்தியிடமோ இந்தப் பக்கத்தைக் கொடு. 14416 என்று ஒரு எண் இருக்கிறது, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், ராத்திரி மூன்று மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு இல்லை. செத்துவிடலாம் போல எண்ணம் வந்தால் விடியும் வரை காத்திருக்காமல் வீட்டில் யாரையாவது எழுப்பிவிடு, அவர்கள் எரிந்து விழுந்தாலும் பரவாயில்லை, அப்புறம் அந்த எண்ணுக்கு அடி. எடுத்தவரிடம் என்ன சொல்வது என்று தெரியாவிட்டால், உன் கடிதத்தில் மூன்றாவது வரி இருக்கிறதே, அதை அப்படியே வாசி.